கட்டடம் மாகாணத்துக்கு, மருந்து மத்திய அரசுக்கு: வைத்தியசாலை நிருவாகத்தில் 31 ஆண்டுகள்

இலங்கையின் மேல் மாகாணத்தில், பிரதேச வைத்தியசாலைகளைவிடப் பெரிதான ஆதார வைத்தியசாலை ஒன்றில் நான் நிருவாக உத்தியோகத்தராகக் கடமையாற்றிய காலத்தில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்கின்ற ஓட்டோகிளேவ் இயந்திரம் ஏழு மாதங்கள் இயங்காமல் கிடந்தது. பழுது சிறியது, மாற்றவேண்டிய பாகமும் கொழும்பிலேயே கிடைத்திருக்கும். ஆனால் அந்த இயந்திரத்தை மத்திய சுகாதார அமைச்சு ஒரு திட்டத்தின் கீழ் எங்களுக்கு அனுப்பியிருந்தது. லொறியில் வந்து இறங்கிய நாளில் களஞ்சியப் பொறுப்பாளர் ஒப்படைப்புச் சீட்டில் கையொப்பமிட்டதோடு சரி; மாகாணத்தின் பொருட்பதிவேட்டில் அதனை எவரும் பதியவில்லை. பழுதுபார்க்க நிதி கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு, பதிவேட்டில் இல்லாத பொருளுக்கு மாகாண நிதியைச் செலவிட்டால் கணக்காய்வு வினா வரும் என்று மாகாணக் கணக்காளர் பதில் எழுதினார். மத்திய அமைச்சிடம் கேட்டபோது, வைத்தியசாலை மாகாண சபைக்குரியது, ஆகவே பராமரிப்பும் மாகாண சபைக்குரியதே என்றார்கள். இரு தரப்பினரும் தத்தம் விதிகளின்படி சரியாகவே பதில் சொன்னார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அந்த ஏழு மாதங்களும் ஒவ்வொரு நாள் காலையிலும் கருவிகளைத் துணியில் பொதி செய்து, அம்புலன்ஸில் ஏற்றி, அயலிலுள்ள இன்னொரு வைத்தியசாலைக்கு அனுப்பிக் கிருமிநீக்கம் செய்து எடுப்பித்தோம். அம்புலன்ஸ் கருவிகளோடு போயிருந்த ஒரு முற்பகலில், கொழும்புக்கு மாற்றப்படவேண்டிய நெஞ்சுவலி நோயாளி ஒருவர் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அவருடைய மனைவி விடுதி வாசலில் நின்று, "ஐயா, வண்டி எப்ப வரும்?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை நான் மறக்கவில்லை. கடைசியில் மத்திய அமைச்சிலிருந்து ஓர் உரிமைமாற்றக் கடிதத்தைப் பெற்று, இயந்திரத்தைப் பதிவேட்டில் சேர்த்த பின்னர், கொழும்பு டி சேரம் பிளேஸிலுள்ள உயிர்மருத்துவப் பொறியியல் சேவைப் பிரிவிலிருந்து வந்தவர்கள் ஒன்றரை நாளில் அதனைத் திருத்திக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை இயந்திரம் வந்த நாளிலேயே கேட்டுப் பெற்றிருக்கவேண்டியவன் நான். அதன் பின்னர் என் பொறுப்பிலிருந்த எந்த வைத்தியசாலையிலும், மத்திய அமைச்சோ, வெளிநாட்டு உதவித் திட்டமோ, ஊர்ச் சங்கமோ தருகின்ற எந்தப் பொருளையும் உரிமைமாற்றக் கடிதம், பதிவேட்டு இலக்கம், அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் அதன் பராமரிப்புக்கான தொகை ஆகிய மூன்றும் இல்லாமல் நான் விடுதிக்குள் எடுக்க விட்டதில்லை.

நான் 1988இல் அரச சேவையில் சேர்ந்து 2020இல் ஓய்வு பெற்றேன். அரச அலுவலகங்களுக்குப் பொதுவான இணைந்த சேவையிலிருந்து மாகாணத்துக்கு விடுவிக்கப்பட்டு மாகாண சபையின் கீழுள்ள வைத்தியசாலைகளில் இருபது ஆண்டுகளும், பின்னர் மத்திய அமைச்சின் கீழுள்ள கொழும்பு வைத்தியசாலை ஒன்றில் பதினோராண்டுகளும் பணியாற்றினேன். இப்போது வெள்ளவத்தையில் வசித்துக்கொண்டு, கொழும்பு மாவட்டத்தின் ஓரத்திலுள்ள சிறிய பிரதேச வைத்தியசாலை ஒன்றின் அபிவிருத்திக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். ஆகவே அதிகாரப் பகிர்வு என்பதை நான் அறிந்தது அரசியல் மேடைகளிலிருந்து அல்ல. கோவைகளிலிருந்தும் களஞ்சியங்களிலிருந்தும் சம்பளப் பட்டியல்களிலிருந்துமே அறிந்தேன். வைத்தியசாலைகளில் இப்போது கடமைபுரிகின்ற இளைய உத்தியோகத்தர்களுக்கும், அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்களுக்கும், நோயாளர்களின் உறவினர்களுக்கும் இதில் ஏதேனும் பயன்படும் என்ற எண்ணத்திலேயே எழுதுகிறேன்.

அடிப்படையை முதலில் சொல்லவேண்டும். 1987இல் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும், அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணங்களுக்கு வழங்கின. ஒன்பதாவது அட்டவணையின் மாகாண சபை நிரலில், பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மகப்பேற்று இல்லங்கள், மருந்தகங்கள் ஆகியவற்றை நிறுவுவதும் பராமரிப்பதும் மாகாணத்துக்குரியவை என்று இருக்கிறது. போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைகளுக்காக நிறுவப்பட்ட வைத்தியசாலைகளும் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. அந்த நிறுவனங்களுக்கு வேண்டிய வசதிகளை வழங்குவதும் மாகாணத்தின் பொறுப்பே. ஆனால் மருந்துக் கொள்வனவு அதில் அடங்காது என்று அதே வரியில் ஒரு விலக்கும் இருக்கிறது. வைத்தியசாலை நிருவாகத்தின் பல துன்பங்கள் அந்தச் சிறிய விலக்கிலிருந்து தொடங்குகின்றன. கட்டடம், மின்சாரம், துப்புரவு, உணவு, சிற்றூழியர் நியமனம் ஆகியவை மாகாணத்துக்கு. மருந்து மத்திய அரசின் மருத்துவ வழங்கல் பிரிவுக்கு. வைத்தியர்களின் நியமனமும் இடமாற்றமும் மத்திய அமைச்சுக்கு. பணத்தின் பெரும்பகுதி திறைசேரியிடம். இவை அனைத்தும் ஒரே விடுதியில், ஒரே கட்டிலருகே, ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை கிடைக்கும்.

பணத்தைப் பற்றி வெளியிலுள்ளவர்கள் அறியாத ஒன்று உண்டு. அரசியலமைப்பின்படி அமைக்கப்பட்ட நிதி ஆணைக்குழு மாகாணங்களின் தேவைகளை ஆராய்ந்து மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்கிறது. அதன்படி, நடைமுறைச் செலவுகளுக்கான மொத்த நன்கொடையும் மாகாண அபிவிருத்தி நன்கொடைகளும் ஒதுக்கப்படுகின்றன. மொத்த நன்கொடையின் பெரும்பங்கு சம்பளங்களுக்கே போய்விடுகிறது. எஞ்சியதில் வைத்தியசாலைக்கென்று ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். ஆனால் தாளிலுள்ள ஒதுக்கீடு வேறு, கையில் வருகின்ற கட்டுநிதி வேறு. திறைசேரியிலிருந்து பிரதம செயலாளர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து மாகாண சுகாதார அமைச்சுக்கும், பின்னர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்துக்கும் அது படிப்படியாக இறங்கி வரவேண்டும். மேல் மாகாணம் ஏனைய மாகாணங்களைவிட அதிக சொந்த வருமானமுள்ளது. ஆனால் மாகாணங்கள் அறவிட்டுவந்த புரள்வு வரி 2011இல் நீக்கப்பட்ட பிறகு, இந்த மாகாணமும் திறைசேரியிலிருந்து பணம் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கவேண்டியதாயிற்று.

ஓர் ஆண்டில் விடுதிக் கூரைகளைத் திருத்துவதற்கு எங்களுக்குப் போதிய ஒதுக்கீடு இருந்தது. ஒப்பந்தகாரர் வேலையை ஒக்டோபரில் முடித்துவிட்டார். டிசம்பர் இறுதிவரை கட்டுநிதி வரவில்லை. ஆண்டு மாறியவுடன் அந்தக் கடன் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்தே தீர்க்கப்பட்டது. அதனால் அடுத்த ஆண்டில் மலசலகூடங்களைத் திருத்த வைத்திருந்த பணம் பழைய கூரைக்குப் போயிற்று. இதனைப் பார்த்த பிறகு நான் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். பெரிய வேலைகளுக்கான கேள்விப்பத்திரங்களை மார்ச் மாதத்துக்கு முன்னரே கோருவது, ஆண்டின் முதற்பாதியில் உறுதிச்சீட்டுகளை அனுப்புவது, கடைசிக் காலாண்டில் அத்தியாவசியத் திருத்தங்களைத் தவிர வேறெதையும் தொடங்காதிருப்பது என்பதே அது. பிராந்தியக் கணக்காளரோடு மாதமொருமுறை நேரில் அமர்ந்து, எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு காசு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்வேன். அரைமணி நேர வேலைதான். அதனைச் செய்யாத வைத்தியசாலைகள் ஆண்டிறுதியில் மின்கட்டணத்துக்கும் தடுமாறியதை நான் கண்டிருக்கிறேன்.

மருந்து விடயத்தில் நான் சொல்லப்போவது சிலருக்கு உவப்பாக இராது. அதிகாரத்தைப் பகிர்வதை முழுமனதோடு ஆதரிக்கின்ற நான், மருந்துக் கொள்வனவு மத்தியில் இருப்பதைத் தவறென்று கருதவில்லை. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே அவர்களின் முயற்சியால் 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் முழு நாட்டுக்கும் ஒன்றாகக் கேள்விப்பத்திரம் கோரியதால்தான் சிறிய நாடான எங்களுக்கு மலிவாக மருந்து வாங்க முடிந்தது. ஒன்பது மாகாணங்களும் தனித்தனியாக வாங்கப் போனால் விலையும் கூடும், தரச் சோதனையும் சிதறும். குறை வேறிடத்தில் இருக்கிறது. எதை, எவ்வளவு வாங்கவேண்டும் என்ற மதிப்பீட்டைக் கீழுள்ள வைத்தியசாலைகளே எழுதுகின்றன. ஆனால் அந்த மதிப்பீடு எப்படி எழுதப்படுகிறது என்பதை மேலுள்ளவர்கள் பார்ப்பதில்லை. எங்கள் மருந்துக் களஞ்சியத்தில் பல ஆண்டுகளாக முந்திய ஆண்டின் தொகையோடு பத்துச் சதவீதத்தைக் கூட்டி எழுதி அனுப்பிவிடுவது பழக்கமாக இருந்தது. முந்திய ஆண்டில் மூன்று மாதங்கள் ஒரு மருந்து இல்லாதிருந்தால், அந்த மூன்று மாதங்களில் அதன் பாவனை பூச்சியமாகப் பதிவாகும். அடுத்த மதிப்பீடும் அதனால் குறையும். தட்டுப்பாடு தன்னைத் தானே மறுபடி பிறப்பிக்கும். எங்கள் மருந்தாளர் ஒருவர் இதனைக் கண்டுபிடித்து, மருந்து இல்லாதிருந்த நாட்களைக் கழித்துவிட்டு மாதச் சராசரியைக் கணக்கிட ஆரம்பித்தார். நீரிழிவு மாத்திரைகளில் அதுவரை ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டிருந்த தட்டுப்பாடு அதன் பிறகு பெருமளவு நீங்கியது. அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் 1995ஆம் ஆண்டு முதல் இயங்குகின்ற மருத்துவப் பணிகள் கழகத்தின் முறையை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். அங்கே கொள்வனவின் பெரும்பகுதி ஒரே இடத்தில் நடைபெறுகிறது. ஆனால் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் வங்கிப் புத்தகம் போன்ற ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதிலுள்ள தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை மாவட்டக் களஞ்சியத்திலிருந்து அந்த வைத்தியசாலையே தெரிந்தெடுக்கலாம். வாங்கும் பலம் மேலே, தெரிவு செய்யும் உரிமை கீழே என்கின்ற இந்தப் பிரிப்பு எனக்கு மிக நியாயமானதாகத் தோன்றுகிறது. எங்கள் நாட்டில் பிராந்திய மருத்துவ வழங்கல் களஞ்சியங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சிறிய வைத்தியசாலைகள் அவற்றிலிருந்தே மருந்தை எடுக்கின்றன. குறைவாக இருப்பது அந்தக் கணக்குப் புத்தகம் தருகின்ற உரிமையே.

வைத்தியர்களின் இடமாற்றம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அரச வைத்தியசாலையில் ஓராண்டு வேலை செய்த எவருக்கும் அது தெரியும். ஓர் உதாரணம் மட்டும் தருகிறேன். மாகாண அபிவிருத்தி நிதியில் நாங்கள் ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தைக் கட்டினோம். கட்டி முடித்த ஆண்டில் எங்களிடமிருந்த மயக்கமருந்து நிபுணர் வருடாந்த இடமாற்றத்தில் போய்விட்டார். பதிலாள் வர ஐந்து மாதங்கள் சென்றன. மாகாணப் பணிப்பாளர் இடமாற்றத்தை நிறுத்தவும் முடியாது, புதியவரை நியமிக்கவும் முடியாது. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு முன்னர் ஆளணி அங்கீகாரத்தைத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திடம் பெற்றிருக்கவேண்டும்; அந்தப் பதவிக்குக் குறைந்தது இரண்டு இடங்களையாவது கேட்டிருக்கவேண்டும் என்பது எங்களுக்குப் பிறகே விளங்கியது. ஆட்களைப் பற்றிய தாளைக் கட்டடத்தின் தாளுக்கு ஓராண்டு முன்னதாக அனுப்புங்கள் என்று அதன் பிறகு வந்த ஒவ்வொரு வைத்திய அத்தியட்சகரிடமும் நான் வற்புறுத்திச் சொல்லிவந்தேன்.

இப்போது, நான் எல்லாவற்றையும்விட நெருக்கமாகக் கண்ட ஒரு நிகழ்வுக்கு வருகிறேன். எங்கள் வைத்தியசாலை வளர்ந்து, விசேட வைத்திய நிபுணர்களின் தொகை கூடிய வேளையில், அதனை மத்திய அமைச்சு பொறுப்பேற்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. எங்கள் பேச்சுவழக்கில் இதனை "லைன் மினிஸ்ட்ரிக்குப் போவது" என்போம். ஊர் மக்கள் அதனை வரவேற்றார்கள். வாசலில் பதாகை கட்டினார்கள். மத்திய அமைச்சுக்குப் போனால் பணமும் இயந்திரங்களும் வரும் என்பது பொய்யான நம்பிக்கை அல்ல. பொறுப்பேற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் எங்களுக்கு ஒரு புதிய ஆய்வுகூடமும், சீ.டி. ஸ்கேன் இயந்திரமும் கிடைத்தன. மாகாணத்தின் கீழ் இருந்திருந்தால் அவற்றுக்கு இன்னும் பத்தாண்டு காத்திருந்திருப்போம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் போனவற்றையும் எழுதவேண்டும். அதுவரை எங்கள் வைத்தியசாலைதான் அந்தப் பிராந்தியத்திலுள்ள ஐந்தாறு சிறிய பிரதேச வைத்தியசாலைகளுக்குத் தாய்போல இருந்தது. அவற்றின் இரத்த மாதிரிகள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும். அங்கே வைத்தியர் விடுமுறை எடுத்தால் இங்கிருந்து ஒருவரை அனுப்புவோம். ஒரு மருந்து அங்கே முடிந்தால் எங்கள் களஞ்சியத்திலிருந்து கடனாகப் போகும். எல்லாம் ஒரே பிராந்தியப் பணிப்பாளரின் கையொப்பத்தின் கீழ் நடந்தன. பொறுப்பேற்கப்பட்ட மறுமாதமே அந்தக் கையொப்பம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றாயிற்று. மருந்துக் கடன் கொடுப்பது வேறு நிறுவனத்துக்குக் கொடுப்பதாக மாறியது, கணக்காளர் மறுத்தார். மாதாந்தக் கூட்டத்துக்கு எங்கள் வைத்தியசாலையிலிருந்து எவரும் போகவேண்டிய கட்டாயம் இல்லாமற் போனது. வீடுகளுக்குச் சென்று தாய்சேயைக் கவனிக்கின்ற குடும்பநல உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் மாகாணத்திலேயே இருந்தார்கள். பிரசவித்து வீடு திரும்பும் தாயைப் பற்றிய தகவல் அவர்களுக்குப் போய்ச் சேர்வது, பிரசவ விடுதியிலிருந்த மூத்த தாதிய உத்தியோகத்தர் ஒருவரின் தனிப்பட்ட அக்கறையினாலேயே தடையின்றித் தொடர்ந்தது. எல்லோரும் "பெரிய மிஸ்" என்று அழைத்த அவர், தினமும் மாலையில் தம் கைத்தொலைபேசியில் ஒவ்வோர் உத்தியோகத்தரையும் அழைத்துச் சொல்லுவார். அவர் ஓய்வு பெற்றுப் போன பின்னர் அந்த வேலையை எந்தப் பதவியின் கடமைப் பட்டியலிலும் நான் காணவில்லை.

சிற்றூழியர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் மாகாண அரச சேவையில் நியமிக்கப்பட்டவர்கள். மத்திய சேவைக்குள் உள்வாங்கப்படுவதா, மாகாணத்திலேயே தங்கி வேறு வைத்தியசாலைக்குப் போவதா என்ற தெரிவு அவர்களிடம் கேட்கப்பட்டது. அந்தக் கோவைகள் தீர இரண்டாண்டுகளுக்கு மேல் சென்றன. அதற்கிடையில் பதவி உயர்வுகள் நின்றன, மேலதிகநேரக் கொடுப்பனவை யார் கொடுப்பது என்ற வழக்கு நீண்டது. இருபத்திரண்டு ஆண்டு சேவையுள்ள ஒரு சிற்றூழியர் என் மேசைக்கு முன்னால் நின்று, "தம்பி, நான் இப்ப ஆருடைய ஆள்?" என்று கேட்டார். உத்தியோகத்தர் என்ற முறையில் என்னால் அவருக்கு எழுத்தில் ஒரு பதிலும் கொடுக்க முடியவில்லை. எந்த வைத்தியசாலையாவது இனி மாறப்போகிறதென்றால், ஊழியர்களின் சேவைப் பதிவேடுகளை மாற்றத்துக்கு முன்னரே இற்றைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிடுங்கள். அயல் வைத்தியசாலைகளோடு இருந்த மருந்து, ஆய்வுகூட, அம்புலன்ஸ் ஏற்பாடுகளை எழுத்திலுள்ள உடன்படிக்கையாக மாற்றி, இரு பணிப்பாளர்களிடமும் கையொப்பம் பெறுங்கள். வாய்ப் பேச்சில் நடந்த எதுவும் பொறுப்பேற்பின் பின்னர் உயிரோடிருக்காது.

பின்னர் நான் கொழும்புக்கு வந்தேன். இந்த நகரத்தில் அரச வைத்தியசாலை நிருவாகத்தின் எல்லா வகைகளையும் ஒரே பஸ் பயணத்தில் பார்க்கலாம். 1864இல் தொடங்கிய தேசிய வைத்தியசாலையும், 1895இல் தொடங்கிய சிறுவர்களுக்கான சீமாட்டி ரிஜ்வே வைத்தியசாலையும் மத்திய அமைச்சின் கீழ் உள்ளன. நகரத்தின் மருந்தகங்களையும் தாய்சேய் நிலையங்களையும் கொழும்பு மாநகர சபை தன் சொந்தச் சுகாதாரத் திணைக்களத்தின் மூலம் நடத்துகிறது. சிறிது தூரம் போனால் மாகாண சபையின் பிரதேச வைத்தியசாலைகள். யப்பானின் உதவியுடன் கட்டப்பட்டு, 1983ஆம் ஆண்டின் தனிச் சட்டமொன்றின் கீழ் ஒரு சபையினால் நிருவகிக்கப்படுகின்ற ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை இன்னொரு வகை. ஒரே தெருவில் வசிக்கும் மூன்று குடும்பங்கள் மூன்று வேறு நிருவாகங்களின் நோயாளர் அட்டைகளை வைத்திருப்பது கொழும்பில் புதுமையல்ல.

மத்திய அமைச்சின் வைத்தியசாலையில் எல்லாம் விரைவாக நடக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். சுவசிரிபாய என்ற அமைச்சுக் கட்டடத்துக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகலாம். ஆயினும் குறித்த எல்லைக்கு மேற்பட்ட ஒவ்வொரு கொள்வனவும் அமைச்சின் பெறுகைக் குழுவுக்குப் போய்வரவேண்டும். அந்தக் கோவை நடந்து போகும் தூரத்தைக் கடக்க எடுத்த மாதங்கள், முன்னர் மாகாணத்தின் நான்கு அலுவலகங்களைக் கடக்க எடுத்த மாதங்களுக்குக் குறைந்தவையல்ல. மத்தியிலா மாகாணத்திலா என்று வாதிடுவதைக் காட்டிலும், முடிவெடுப்பவர், பணத்தை வைத்திருப்பவர், பிழை நேர்ந்தால் பதில் சொல்லவேண்டியவர் ஆகிய மூவரும் ஒருவராகவோ ஒரே அலுவலகத்திலோ இருக்கிறார்களா என்று பார்ப்பதே சரியானது என்ற முடிவுக்கு நான் வந்தது இங்கேதான். மாகாணத்தில் இருந்தபோது எங்கள் வைத்திய அத்தியட்சகருக்கு இருந்த சிறிய கொள்வனவு அதிகாரம், அவர் நல்லவராக இருந்த ஆண்டுகளில், அற்புதமாக வேலை செய்தது. மழையில் ஒழுகிய கூரைத் தகடு அன்றைக்கே மாறியது.

கொழும்பின் இன்னொரு சுமை நோயாளர்களின் தொகை. எங்கள் நாட்டில் எவரும் எந்த அரச வைத்தியசாலைக்கும் போகலாம், கடிதம் கேட்பதில்லை. அந்தச் சுதந்திரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் பதுளையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து, காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்று, ஒரு மாதத்துக்கான இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் பெற்றுத் திரும்பிய முதியவர்களை நான் வாரந்தோறும் கண்டேன். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டால், "அங்கை மருந்து இராது, ஐயா" என்பார்கள். சிலரைப் பொறுத்தவரை அது உண்மை. விசேட வைத்திய நிபுணர் உள்ள வைத்தியசாலைகளுக்கு மட்டும் வழங்கப்படுகின்ற மருந்துகள் சில உண்டு. அவை சிறிய வைத்தியசாலையில் எப்போதும் இரா. ஆனால் பலருடைய மருந்துகள் அவர்களுடைய ஊரின் ஆதார வைத்தியசாலையில் கிடைப்பவையே. ஆகவே கிளினிக்குக்கு உறவினரைக் கூட்டிவருபவர்களிடம் ஒன்றைச் சொல்லுவேன். நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று டொக்டர் சொன்ன நாளில், ஊர் வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதித் தருமாறு கேளுங்கள். மருந்தின் வணிகப் பெயரை விட்டு அதன் பொதுப் பெயரையே எழுதச் சொல்லுங்கள். ஊர் வைத்தியசாலையின் மருந்தகத்தில் அது இருக்கிறதா என்று தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போங்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் கொழும்புக்கு வந்தால் போதும் என்ற நிலைக்கு வந்த பலரை நான் அறிவேன்.

அதிகாரம் கீழே இருந்ததால் விளைந்த நன்மை ஒன்றையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். மாகாண சபைகளை உருவாக்கிய அதே 13ஆவது திருத்தம்தான் தமிழையும் ஓர் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் மாகாண வைத்தியசாலையொன்றில் நான் சேர்ந்த முதல் நாட்களில், வெளிநோயாளர் பிரிவின் அறிவித்தல்கள் சிங்களத்தில் மட்டுமே இருந்தன. அயலிலுள்ள இறப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த தாய்மார் எந்த வரிசையில் நிற்பதென்று அறியாமல் தவித்தார்கள். கொழும்புக்கு எழுதியிருந்தால் அது எங்கோ ஒரு கோவையில் கிடந்திருக்கும். எங்கள் அபிவிருத்திக் குழுவில் விகாரையின் பிக்கு ஒருவர், கோயில் தர்மகர்த்தா, பள்ளிவாசல் நிர்வாகி, கடைக்காரர்கள் இருவர் இருந்தார்கள். பிக்குவே அதனை முன்மொழிந்தார். மூன்று வாரங்களில் எல்லாப் பலகைகளும் தமிழிலும் வந்தன. அடுத்த சிற்றூழியர் நியமனத்தில் தமிழ் பேசுகின்ற இருவரைச் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கையை மாகாண அமைச்சு ஏற்றது. மருந்து உட்கொள்ளும் முறையைத் தமிழில் சொல்ல ஒருவர் மருந்தக யன்னலருகே நிற்கத் தொடங்கிய பிறகு, தவறாக மருந்து எடுத்துத் திரும்ப அனுமதிக்கப்படுகின்ற நீரிழிவு நோயாளர்கள் குறைந்தார்கள் என்று விடுதி வைத்தியர் என்னிடம் சொன்னார்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது நான் ஓய்வு பெற்று, இப்போதைய குழுவில் இருந்தேன். கனடாவிலும் இலண்டனிலுமுள்ள உறவினர்கள் மருந்து அனுப்ப முன்வந்தார்கள். அந்த அன்பை மறுக்க முடியாது. ஆயினும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியின்றி வருகின்ற பெட்டிகள் சுங்கத்தில் தேங்கும், வந்து சேர்ந்தாலும் காலாவதித் திகதி நெருங்கியிருக்கும். நாங்கள் முதலில் மருந்தாளரிடம் பட்டியலைப் பெற்று, அதனைப் பிராந்தியப் பணிப்பாளரின் ஒப்பத்தோடு அனுப்பி, பட்டியலில் இல்லாத எதையும் ஏற்கமாட்டோம் என்று பணிவாக எழுதினோம். மருந்துக்குப் பதிலாகச் சிலர் குளுக்கோஸ் அளவிடும் பட்டிகளையும் கையுறைகளையும் இங்கேயே வாங்கிக் கொடுத்தார்கள். அவை அந்த ஆண்டில் உண்மையிலேயே உயிர் காத்தன.

மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் நடைபெறவில்லை, ஆளுநரின் கீழேயே மாகாணம் இயங்குகிறது. அலுவலகங்கள் திறந்திருக்கின்றன, சம்பளங்கள் வருகின்றன. ஆனால் முன்னர் ஒரு மாகாண சபை உறுப்பினரைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, விடுதியைச் சுற்றிக் காட்டி, "இதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும்" என்று கேட்க முடிந்தது. இப்போது கேட்பதற்கு உத்தியோகத்தர்களே இருக்கிறார்கள். மக்களிடம் மீண்டும் வாக்குக் கேட்டு வரவேண்டிய எவரும் இல்லை. கட்டடமும் பொறுப்பும் மாகாணத்திடம் இருக்க, அந்த மாகாணத்துக்குக் குரல் இல்லாமற் போனது சிறிய வைத்தியசாலைகளையே முதலில் வருத்துகிறது.

எங்கள் பிரதேச வைத்தியசாலையில் சென்ற ஆண்டு ஒரு முயற்சியைத் தொடங்கினோம். ஆதார வைத்தியசாலையிலிருந்து ஒரு வைத்தியர் மாதம் இருமுறை வந்து நீரிழிவு, இரத்த அழுத்தக் கிளினிக்கை நடத்துவது என்பதே அது. ஆதார வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், எங்களுடையது மாகாணத்தின் கீழ். ஆகவே இரண்டு பணிப்பாளர்களுக்கும் ஒரே நாளில் ஒரே கடிதத்தை எழுதி, ஒவ்வொன்றிலும் மற்றவருக்குப் பிரதி அனுப்பப்படுகிறது என்று குறிப்பிட்டோம். இருவரும் இணங்கினார்கள். முன்னர் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் நாற்பது பேரளவில் இப்போது இங்கேயே மருந்தைப் பெறுகிறார்கள். ஆனால் கடந்த மூன்று மாதங்களில் இரண்டு தடவை வைத்தியர் வரவில்லை. அவரை ஏற்றிவரும் வாகனம் மத்திய அமைச்சுடையது, பயணம் மாகாணத்தின் வேலைக்கானது, எரிபொருளை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று சாரதிக்கு எவரும் சொல்லவில்லை. அதைப் பற்றி நாங்கள் எழுதிய கடிதம் பிராந்தியப் பணிப்பாளர் அலுவலகத்தில் இருக்கிறது. வருகின்ற செவ்வாய்க்கிழமை நானும் குழுவின் பொருளாளரும் அங்கே போகிறோம்.